கடைசிப் பந்தியில் ஒரு ஃபுல் ஃப்ரேம்

(மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காலை பத்தரை மணி. படம் எடுக்கிறவர்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். வடை கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் ஜாதகம். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமாவும் அவருடைய அக்கா மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

மாமா: அந்தக் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வை. சாம்பார் வாளி வருகிறது.

மருமகன்: மடியில் வைத்துக்கொள்கிறேன் மாமா. இன்னும் 17 தவணை பாக்கி.

மாமா: என்னுடையது இலை ஓரத்திலேயே இருக்கட்டும். 2010-ல் வாங்கியது. சாம்பார், ரசம், சந்தனம், பன்னீர் எல்லாம் பார்த்துவிட்டது. இனி அதற்குப் பாயசம் ஒன்றுதான் பாக்கி.

மருமகன்: அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கேனான் 550டியைப் பேசாமல் அலமாரியில் வையுங்கள். பொட்டு வைத்து ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுங்கள்.

மாமா: டேய், உன் அக்கா கல்யாணத்தை எடுத்தது இதுதான்.

மருமகன்: அந்த ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

மாமா: தூங்கினவன் நீ. கேமரா விழித்துக்கொண்டுதான் இருந்தது.

மருமகன்: சரி, இதைப் பாருங்கள். காலையில் பத்து நிமிடம் கரண்ட் போனதே, அப்போது எடுத்தது. வெறும் குத்துவிளக்கு வெளிச்சம். மங்கிய வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்றினேன். பெண்ணின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பதுகூடத் தெரிகிறது.

(மாமா இடது கையால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். நிறைய நேரம் பார்க்கிறார். சாம்பார் வந்து போய்விடுகிறது.)

மாமா: ம்.

மருமகன்: 'ம்' என்றால்?

மாமா: நல்லாத்தான் இருக்கு.

மருமகன்: நீங்கள் அதே நேரத்தில் எடுத்தீர்களே, அதைக் காட்டுங்கள்.

மாமா: நான் 6400-க்கு மேல் போகவில்லை.

மருமகன்: காட்டுங்கள் மாமா.

(காட்டுகிறார்.)

மருமகன்: பெண் முகத்தில் யார் ரவையைக் கொட்டியது?

மாமா: கரண்ட் வந்ததும் சரியாகிவிட்டது. விடு, சாப்பிடு.

மருமகன்: காரணம் என்ன தெரியுமா? ஃபுல் ஃப்ரேம். உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு, அதாவது சென்சார், 36க்கு 24 மில்லிமீட்டர். உங்களுடையது 22.3க்கு 14.9. பெருக்கிப் பார்த்தால் என்னுடையது இரண்டரை மடங்குக்கும் மேலே.

மாமா: அதாவது உன்னுடையது தலைவாழை இலை. என்னுடையது டிபனுக்குப் போடும் நறுக்கு இலை.

மருமகன்: அதேதான்! இலை பெரிதானால் வெளிச்சமும் அதிகம் விழும்.

மாமா: இதோ, எனக்கும்தான் தலைவாழை இலை போட்டிருக்கிறார்கள். என்ன விழுந்திருக்கிறது? உப்பு, ஊறுகாய், அரைக் கரண்டி கூட்டு. வடை தீர்ந்துவிட்டதாம். இரு, என்ன அளவு சொன்னாய்? 36க்கு 24-ஆ?

மருமகன்: ஆமாம்.

மாமா: அடப்பாவி, அது என் பழைய பிலிம் ரோல் அளவு! ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோல், ரோலுக்கு 36 படம், படத்துக்கு இதே 36க்கு 24. நீ தவணை கட்டி வாங்கியிருப்பது நான் பழைய இரும்புக் கடையில் போட்டதை.

மருமகன்: அப்போதும் அதை ஃபுல் ஃப்ரேம் என்றா சொல்வீர்கள்?

மாமா: ரோல் என்போம், வேறென்ன? குளத்தில் இருக்கிற வரைக்கும் அது மீன். சந்தையில் துண்டு போட்டு விற்க ஆரம்பித்த பிறகுதான் 'முழு மீன் என்ன விலை' என்ற பேச்சே வருகிறது. டிஜிட்டல் வந்த புதிதில் அவ்வளவு பெரிய சென்சார் செய்யக் கட்டுபடியாகவில்லை, அதனால் சின்னதாக வெட்டிப் போட்டார்கள். சின்னதுதான் புதுசு, பெரியதுதான் பழசு.

மருமகன்: அந்தப் பழைய அளவை யார் முடிவு செய்தது?

மாமா: ஆஸ்கர் பார்னாக் என்று ஒரு ஜெர்மன்காரர். சினிமா பிலிமில் ஒரு கட்டம் 24க்கு 18. அதில் இரண்டைச் சேர்த்து ஒரு படமாக்கினார், 24க்கு 36 வந்துவிட்டது. 1925-ல் லைக்கா என்று விற்பனைக்கே வந்தது. நூறு வருஷத்துப் பழசை வைத்துக்கொண்டு என்னைப் பூஜை அலமாரியில் ஏற்றப் பார்க்கிறாய்.

மருமகன்: ஆனால் உங்களுடையதைவிட இது எடை குறைவு. கேனான் ஆர்8, பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 461 கிராம். 550டி 530 கிராம்.

மாமா: பெரிய இலை, ஆனால் எடை குறைவா? எதை உருவினார்கள்?

மருமகன்: உள்ளே இருந்த கண்ணாடியை. மேலே எழும்பி இறங்குமே, அது இதில் கிடையாது.

மாமா: அதுதான் விஷயமா! பையனின் பாட்டி ஏன் உன் எதிரில் அத்தனை நேரம் சிரித்துக்கொண்டே நின்றார் என்று அப்போதே யோசித்தேன்.

மருமகன்: சத்தமில்லாத ஷட்டரில் வைத்திருந்தேன் மாமா. 'எடுத்துவிட்டேன் பாட்டி' என்று மூன்று தடவை சொன்னேன். நம்பவில்லை.

மாமா: புதுப் பல்செட் அவருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசியில் என்னிடம் வந்து, 'அந்தப் பிள்ளை கேமரா ரிப்பேர் போல இருக்கு, நீ ஒண்ணு எடுப்பா' என்றார். நான் 'டப்' என்று ஒன்று அடித்தேன். அதற்கப்புறம்தான் வாயை மூடி உட்கார்ந்தார்.

மருமகன்: சத்தம் வேண்டுமென்றால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

மாமா: அப்படியே அந்தப் பட்டுப் புடவைக்கும் ஒரு வழி சொல். பெண்ணின் அம்மா உன் கேமராவில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார், 'நாங்கள் எடுத்தது பிளெயின் பட்டாயிற்றே, இவன் படத்தில் ஏன் கோடு போட்ட புடவையாக இருக்கிறது?' என்று.

மருமகன்: அது மேடையில் இருந்த எல்இடி விளக்கு. நம்மூர்க் கரண்டில் அந்த மாதிரி விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாத ஷட்டர் படத்தை ஒரே மூச்சில் எடுக்காது. மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்துக்கொண்டு வரும். மினுக்கியபோது படித்த வரி பளிச், மங்கியபோது படித்த வரி இருட்டு.

மாமா: இதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்.

மருமகன்: நீங்கள் சொல்லுங்கள் மாமா. உங்களைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

மாமா: புடவைக் கடைக்காரரின் தவறு என்று சொல்லிவிட்டேன். அடுத்தது. தாலி கட்டும் படம்?

(மருமகன் ரசத்தை உறிஞ்சுகிறான்.)

மாமா: தாலி கட்டும் படம் எங்கேடா?

மருமகன்: ரசம் நன்றாக இருக்கிறது.

மாமா: கொடு இப்படி. அட, இதென்ன? பின்னால் ஃப்ளெக்ஸில் இருக்கிற மாப்பிள்ளை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறார். முன்னால் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை கலங்கிப்போயிருக்கிறார்.

மருமகன்: கேமரா கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் மாமா. மனிதர், நாய், பூனை, பறவை, குதிரை, கார், ரயில் எது வந்தாலும் விடாது.

மாமா: ரயிலுக்குப் பத்திரிகை வைத்தார்களா? மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொன்னால் போதாதா?

மருமகன்: இரண்டு பேரும் மாப்பிள்ளைதானே! உண்மையானவர் தாலியை வாங்கக் குனிந்திருந்தார், முகம் தெரியவில்லை. ஃப்ளெக்ஸில் இருந்தவர் ஆறடி உயரத்தில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். எந்த முகம் வேண்டும் என்று திரையில் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

மாமா: சரி, நிமிர்ந்த பிறகாவது?

மருமகன்: நிமிர்ந்ததும் சரியாகிவிட்டது. கெட்டிமேளம் கேட்டதும் அமுக்கினேன். வினாடிக்கு 40 படம்!

மாமா: மூன்று முடிச்சுக்கு நாற்பது படம் எதற்கு? நூல் திரித்ததிலிருந்து காட்டப் போகிறாயா?

மருமகன்: முதல் முடிச்சு மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கிறது.

மாமா: இரண்டாவது?

மருமகன்: பாதி.

மாமா: மூன்றாவது?

மருமகன்: கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருந்தது.

மாமா: எந்தக் கார்டு?

மருமகன்: ஸ்டுடியோவில் மேஜை டிராயரில் கிடந்ததே, அந்தப் பழைய கார்டு. கேமராவுக்கே காசு தீர்ந்துவிட்டது மாமா.

மாமா: யானை வாங்கினவன் அங்குசத்துக்கு என் வீட்டு டிராயரைத் துழாவியிருக்கிறான். மூன்றாவது முடிச்சு போட்டது பையனின் தங்கை. 'நான் முடிச்சுப் போட்ட படத்தைத்தான் ஸ்டேட்டஸ் வைக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது அந்தப் பெண்.

மருமகன்: உங்களிடம் இருக்கிறது அல்லவா?

மாமா: இல்லாமல்? 550டி, வினாடிக்கு 3.7 படம். நான் ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். பார்.

மருமகன்: மாமா, இதில் யாரோ அட்சதை போடுகிற கை மட்டும்தான் இருக்கிறது.

மாமா: கைதான். ஆனால் எவ்வளவு கூர்மை பார். மோதிரத்தில் கல்லை எண்ணலாம்.

(இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் மோர் சாதம் பிசைகிறார்கள்.)

மாமா: வீடியோக்காரனிடம் கேட்டு ஒன்று உருவிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் ஆல்பத்துக்கு ஆகுமா? விரித்தால் 12க்கு 36 அங்குல ஷீட்.

மருமகன்: தாராளமாக. 24 மெகாபிக்சல் ஆயிற்றே. உங்களுடையது 18.

மாமா: அந்த எண் எங்கே தெரியும்? தகவல் பட்டனை அமுக்கு. மூலையில் என்ன போட்டிருக்கிறது?

மருமகன்: 3744, 2496.

மாமா: பெருக்கு.

மருமகன்: ஒன்பது மெகாபிக்சல்தான் வருகிறது. இல்லையே. இருங்கள், தப்பாகப் பெருக்கிவிட்டேன். ஒன்பதுதான்.

மாமா: 3744 புள்ளியை 36 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 104 புள்ளி. என் கேமராவில் அகலம் 5184. அங்குலத்துக்கு 144. என் நறுக்கு இலை உன் தலைவாழை இலையைவிடப் பெரிதாக இருக்கிறதே, எப்படி?

மருமகன்: பழுது மாமா! புதுக் கேமராவிலேயே பழுது!

மாமா: கத்தாதே, பரிமாறுகிறவர் பாயசம் கேட்கிறாய் என்று நினைப்பார். லென்ஸைக் கழற்று. பின்பக்கம் வளையத்தில் என்ன குறி இருக்கிறது? சிவப்புப் புள்ளியா, வெள்ளைச் சதுரமா?

மருமகன்: வெள்ளைச் சதுரம்.

மாமா: நினைத்தேன். இது என் 18-55. இதுவும் என் டிராயரா?

மருமகன்: பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டுகிற அடாப்டர் மட்டும் சொந்தமாக வாங்கினேன்.

மாமா: வெள்ளைச் சதுரம் என்றால் சின்ன சென்சாருக்கென்று செய்த லென்ஸ். அது விடுகிற வெளிச்ச வட்டம் உன் சென்சாரை மூடாது. குட்டைப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் கால் வெளியே. மூலையெல்லாம் இருட்டடிக்கும். அதனால் கேமராவே நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிடும். காலையிலிருந்து நீ தலைவாழை இலையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சாப்பிட்டிருக்கிறாய்.

மருமகன்: அப்படியென்றால் அந்தக் குத்துவிளக்குப் படம்? அது சுத்தமாக வந்ததே!

மாமா: அது இலையின் பெருமை இல்லை. என்னுடையது 2010, உன்னுடையது 2023. பதிமூன்று வருஷத்தில் சமையல் தேறியிருக்கிறது. இலையை மூடு, கை கழுவிவிட்டு வருவோம்.

(கை கழுவிவிட்டு வருகிறார்கள். மாமா வேட்டியில் மூன்று தடவை கையைத் துடைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுக்கிறார். முன்பக்கம் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது.)

மாமா: இது 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.8. சிவப்புப் புள்ளி. பிலிமுக்கென்றே செய்தது. இதைப் போடு.

மருமகன்: இதன் விலை என் கேமரா வாருக்குக்கூட ஆகாது.

மாமா: போடு என்கிறேன்.

(அடாப்டரில் லென்ஸ் 'டக்' என்று உட்காருகிறது. மாமா கேமராவைக் கண்ணில் வைக்கிறார். எச்சில் இலை எடுக்கும் அம்மா, கவிழ்த்த நாற்காலிகள், தூணில் சாய்ந்து தூங்கும் நாதஸ்வரக்காரர். கேமராவை இறக்குகிறார். மறுபடி ஏற்றுகிறார்.)

மருமகன்: என்ன மாமா?

மாமா: அந்த 550-ல் போட்டால் இது 80 மாதிரி நெருக்கிக் காட்டும். ஆளைப் பிடிக்கப் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பேன். ஒரு தடவை ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே போயிருக்கிறேன். இது அப்படி இல்லை. ரோல் காலத்தில் நான் நிற்கிற தூரம் இதுதான். காலுக்கே ஞாபகம் இருக்கிறது.

மருமகன்: போதும் மாமா, கொடுங்கள். மூலையில் அளவு என்ன காட்டுகிறது?

மாமா: 6000, 4000. முழு இலை.

மருமகன்: அப்பாடா. சாயங்காலம் ரிசப்ஷனில் பாருங்கள், பிரமாதப்படுத்துகிறேன்.

மாமா: பிரமாதப்படுத்து. 550-க்கு இன்னொரு பேட்டரி பையில் இருக்கிறது. உன் வெள்ளைச் சதுரம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

மருமகன்: அப்போது இது?

மாமா: இது என்னிடம் இருக்கட்டும்.

மருமகன்: மாமா! 17 தவணை!

மாமா: அதை நான் ஏன் தொடப் போகிறேன்? அதை நீயே வைத்துக்கொள். அந்த வாரை இப்படிக் கொடு.