ஏஆர்எம் மடிக்கணினியில் லினக்ஸ்: ஒரு தவறான கூற்றுக்குத் திருத்தம்

ஏஆர்எம்64 (இன்டெல்லிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகைச் செயலிகளின் 64-பிட் வடிவம்) என்று குறிப்பிட்ட எந்த லினக்ஸையும் பென் டிரைவில் எழுதி, இன்டெல் கணினியில் செய்வது போலவே எந்த ஏஆர்எம் மடிக்கணினியிலும் நிறுவிவிடலாம் என்று சிலர் கூறுவது சரியல்ல. அதை நம்பி யாரேனும் இருக்கும் இயங்குதளத்தையும் அழித்துவிடுவார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

செயலியின் கட்டளைத் தொகுதி பொருந்துவது மட்டும் போதாது. இன்டெல் கணினியில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஏசிபிஐ அட்டவணைகள் (கணினியே தன் வன்பொருளை விவரித்துத் தரும் பட்டியல்கள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்லிவிடுகின்றன. குவால்காமின் ஏஆர்எம் செயலியான ஸ்னாப்டிராகன் எக்ஸ் கொண்ட மடிக்கணினிகளிலோ, ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே எழுதப்பட்ட, அதன் வன்பொருளை விவரிக்கும் 'டிவைஸ் ட்ரீ' கோப்பையே லினக்ஸ் நம்பியிருப்பதால், அது இல்லாத மாதிரியில் விசைப்பலகைகூட இயங்காமல் போகலாம்.

எம்1 போன்ற ஏஆர்எம் செயலி கொண்ட ஆப்பிள் கணினிகளின் வழி முற்றிலும் வேறு. திருகோணமலை உவர்மலையில் ஒரு மாணவியின் எம்1 மேக்புக்கில், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபோது வந்த தொடக்கத் திரையில் மேக்ஓஎஸ் வட்டு மட்டுமே தெரிந்தது. உபுண்டு எழுதிய பென் டிரைவ் தென்படவே இல்லை. பிறகு மேக்ஓஎஸ்ஸின் டெர்மினலிலிருந்தே அசாஹி (ஆப்பிள் செயலிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவரும் திட்டம்) நிறுவியை இயக்கி, வட்டில் இடம் ஒதுக்கி, அதன் லினக்ஸான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸை நிறுவினோம். வைஃபையும் ஒலியும் நன்றாகவே இயங்குகின்றன, விரல்ரேகை உணரி மட்டும் இயங்கவில்லை.

மேக்ஓஎஸ்ஸைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகள் அதன் வழியாகவே வருகின்றன. மடிக்கணினியை வாங்குவதற்கு முன்பே, அந்த மாதிரியின் சரியான பெயரை, நீங்கள் நிறுவ விரும்பும் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) ஆதரவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.