எல்லா சிர்பிட் ஈயும் விவசாயிக்குத் தோழன் இல்லை

பூக்களின் மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழு எல்லாமே, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அப்படி இல்லைங்க. யூமெரஸ், மெரோடான் என்ற சிர்பிட் ஈ வகைகளின் புழுக்கள் கிழங்கைக் குடைபவை. திருவையாற்றில் எங்கள் வீட்டில் விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயம் அழுகியபோது ஒன்றைப் பிளந்து லென்ஸில் பார்த்தேன். அழுக்கு வெள்ளையில், சுருக்கம் சுருக்கமாக, கால் இல்லாத புழு. பின்முனையில் செம்பழுப்பாக, கெட்டியாக ஒரு குட்டிக் குழல். இரண்டு மூச்சுத்துளைகளும் ஒட்டிச் சேர்ந்த சுவாசக்குழல் அது. வீட்டு ஈப்புழுவுக்கு இரண்டும் தனித்தனியாக இருக்கும். சிர்பிட் குடும்பத்துக்கு அந்த ஒட்டிய குழல்தான் அடையாளம். வாயில் கிழங்கைச் சுரண்டக் கறுத்த கொக்கிகள். அசுவினி தின்னிக்கோ குத்தி உறிஞ்சத் தோதான கூரிய வாய். புழுவின் கடைசித் தோலே இறுகிக் கூட்டுப்புழுவின் கூடாகும்போதும் அந்தக் குழல் அப்படியே நிற்கும். இந்த வித்தியாசத்தையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள், ஐயா.