பழகுவதற்குத்தான் நல்ல காகிதம் வேண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மடியில் என் நோட்டு, இருக்கையின் ஓரத்தில் வண்ணப்பெட்டி. தென்மலையில் ஏறிய ஒரு கல்லூரிப் பெண் எதிரே உட்கார்ந்து, ஆரியங்காவு வரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம்; செங்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் போகிறாள்.

“எட்டு மாதமாக நீர்வண்ணம் பழகுகிறேன் அக்கா. எனக்குக் கை வரவில்லை. விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.”

பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு தாளும் பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தது. வானம் பூசிய இடங்களில் எல்லாம் கோடு கோடாகத் திட்டு. ஒரே இடத்தில் இரண்டாம் முறை தூரிகை பட்டதும் தாள் நூல் நூலாகப் பிய்ந்து திரண்டிருந்தது. ஆனால் மரங்களின் கிளை பிரியும் இடங்களைப் பாருங்கள், அப்படியே உயிரோடு நிற்கின்றன. பார்க்கத் தெரிந்த கண். பென்சிலுக்கென்று செய்த மெல்லிய தாளில் தண்ணீரை ஊற்றிவிட்டு, எட்டு மாதமாகத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் டப்பாவில் வெட்டி வைத்திருந்த பருத்திக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, முழுக்க நனைத்து, தூரிகையை அவள் கையில் கொடுத்தேன். மேலே கொஞ்சம் நீலம் வைக்கச் சொன்னேன். அதற்குள் வண்டி மலைக்குள் இருக்கும் நீண்ட குகைக்குள் நுழைந்துவிட்டது. வெளிச்சத்துக்கு வந்தபோது அந்த நீலம் தானாகப் பரவி, கீழே வரவர மெலிந்து, பகவதிபுரத்து வானமாக ஆகியிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த முகத்தை நினைத்துத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நீர்வண்ணம் பழகுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: முதலில் மலிவான தாளில் கையைப் பழக்கு, தேறிய பிறகு நல்ல தாள் வாங்கிக்கொள். என் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இதைத்தான் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் அதை நம்பி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை, ஏனென்றால் கை தேறவே இல்லை. இன்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது: அந்த அறிவுரை தவறு. மலிவுத் தாளில் பழகினால், அந்தத் தாளோடு மல்லுக்கட்டுவதுதான் பழகும். நீர் எப்போது ஓடும், எப்போது நிற்கும், எந்த ஈரத்தில் அடுத்த வண்ணத்தை வைக்கலாம் என்ற பாடத்தை அந்தத் தாள் சொல்லியே தராது. நீர்வண்ணத்தில் கற்க வேண்டியதே அதுதான்.

காரணம் எளிது. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதுபோல் காகிதத்துக்கும் ஒரு கஞ்சி உண்டு. நல்ல நீர்வண்ணக் காகிதத்துக்கு ஜெலட்டின் போன்ற ஒன்றை உள்ளேயும் மேலேயும் ஏற்றியிருப்பார்கள். அதனால் நீர் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலே கொஞ்ச நேரம் நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் வேலை முழுவதும் நடக்கிறது. பருத்தி இழை நீளமானது. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தாலும் தாங்கும். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை என்றால் தாள் அதிகம் நெளியாது. கடையில் சந்தேகம் இருந்தால் மாதிரித் தாளின் ஓரத்தில் ஒரு துளி நீர் வைத்துப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் அது நமக்கு ஆகாது. நம் நாட்டுக் கைக்காகிதமும் பருத்தித் துணிக் கழிவிலிருந்து வருகிறது. புதுச்சேரி ஆசிரமத்துக் காகிதம் போன்றவற்றைத் தொட்டுப் பார்க்கவே ஆசையாக இருக்கும். அவற்றிலும் இந்தத் துளிச் சோதனையைச் செய்துவிட்டே வாங்குங்கள்.

விலை? ஒரு முழுத் தாள் சில நூறு ரூபாய். நான் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறவள். கணக்குப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன். முழுத் தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். அதை எட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 16 ஏடு. நான்கு தாளில் 64 ஏடு, இரு பக்கமும் வரைந்தால் 128 பக்கம். மில்லுக்குப் பேரேடு தைத்துத் தரும் பைண்டரிடமே கொடுத்து நூல் போட்டுத் தைத்துக்கொள்கிறேன். வாரம் நான்கு நாள் வரைந்தால் ஏழு மாதத்துக்கு மேல் வரும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பக்கம். நல்ல காகிதம் என்றால் பயமாக இருக்கிறது, கை நடுங்குகிறது என்பார்கள். அந்தப் பயம் பெரிய தாளைப் பார்த்தால்தான் வருகிறது. இத்தனை சிறிய பக்கத்தில் இருபது நிமிடத்தில் ஒரு மலை முடிந்துவிடும்; நாளைக்கு இன்னொரு மலை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வண்ணப்பெட்டி. முப்பத்தாறு நிறம் வாங்காதீர்கள். என்னிடம் ஐந்து இருக்கின்றன: எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம், ஒரு சிவப்பு. நடவு முடிந்த புளியரை வயலின் பச்சை எந்த டியூபிலும் கிடையாது. எலுமிச்சை மஞ்சளில் நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டால் வந்துவிடும். அறுத்துப் போட்ட தேக்கின் வெட்டுமுகத்துக்கு ஆக்கரும் சியன்னாவும். சாரல் மேகத்துக்கு அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த சாம்பல். அல்ட்ராமரின் துகள்கள் காகிதத்தின் சிறு பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்த பிறகு பார்த்தால் மேகத்துக்குள் மழை பொடிப்பொடியாக நிற்பதுபோல் இருக்கும். வழவழப்பான மலிவுத் தாளில் இது நடக்காது. மறுபடியும் காகிதத்திடமே வந்துவிட்டேன், மன்னியுங்கள்.

இங்கே ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்ததும் சாரல் தொடங்கும். வெளியூர் நண்பர்கள் ‘உங்களுக்கு என்ன, குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது, வரையக் கொடுத்து வைத்தவர்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் சாரல் காலத்தில் எதுவும் காய்வதில்லை. ஏப்ரலில் சில நிமிடங்களில் காயும் பூச்சு, ஜூலையில் நான் டீ குடித்துவிட்டு வந்தாலும் பளபளவென்று ஈரமாக இருக்கும். பொறுமையில்லாமல் பாதி ஈரத்தில் நீர் அதிகமான தூரிகையை வைத்தால், அந்த நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய் காலிஃபிளவர் பூப்போல் விளிம்பு கட்டிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பூக்களைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது சாரலில் ஓரங்கள் கரைந்த மலைகளை மட்டும் வரைகிறேன், மில் வாசலையும் அடுக்கிய தடிகளையும் கோடைக்கு வைத்துக்கொள்கிறேன். பருவத்துக்கேற்ப விதைப்பதுபோல்தான் இதுவும்.

ஈரத்தால் இன்னொரு தொல்லை உண்டு. வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பூக்கும். வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது வேல மர இனத்துப் பிசின், பூஞ்சைக்கு அது விருந்து. நோட்டுக்கும் அதே கதி. காகிதத்தின் கஞ்சியைப் பூஞ்சை தின்றுவிட்டால், அந்த இடம் ஒற்றுத்தாளாகிவிடும், பூசும்போதுதான் தெரியும். செருப்புப் பெட்டியில் வரும் சிறிய ஈர உறிஞ்சிப் பைகளைத் தூக்கி எறியாமல் நோட்டோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

தொடர்ந்து வரைவது பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே முகநூலில் முப்பது நாள் சவால், நூறு நாள் சவால் என்று வருகிறது. தொடங்குகிற பலர் பன்னிரண்டாம் நாள் நின்றுபோகிறார்கள். ஒருநாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று தோன்றிவிடுகிறது. எனக்கு நாள் கணக்கு உதவவில்லை. இடம்தான் உதவியது. மாடியிலிருந்து மேற்கே தெரியும் அதே மலையை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன், வாரத்தில் நான்கு நாளாவது வரைகிறேன். என்ன வரைவது என்ற கேள்வியே இல்லாததால் உட்கார்ந்ததும் கை ஓடுகிறது. பக்கத்தின் மூலையில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதுவேன். எந்தப் பக்கத்தையும் கிழிப்பதில்லை. கெட்டுப்போன மலைக்கு அடுத்த பக்கத்தில்தான் அது ஏன் கெட்டது என்பது தெரிகிறது.

ஓவியர் சில்பி கோயில் சிற்பங்களை விகடனுக்காக வரைந்தபோது, அந்தச் சிற்பத்தின் முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தார். கோவையில் பிறந்து, பின்னாளில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், தொடக்க காலத்தில் மலபாரின் தென்னையையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். அவரவர் மண்ணின் ஈரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கும் அந்த ஈரம் கிடைத்திருக்கிறது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1904இலிருந்து இந்த மலைமேல் ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010இல் நின்றது. பதிமூன்று கண் பாலத்தின்மேல் அது வளைந்து போவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். ஒரு கோடுகூட வரைந்து வைக்கவில்லை, கை தேறட்டும் என்று காத்திருந்தேன். அகலப்பாதையில் 2018இல் வண்டி மறுபடி வந்த ஆண்டில்தான் முதல் நோட்டைத் தைத்தேன். அந்தப் பாலத்தை அதன்பின் நாற்பது தடவைக்குமேல் வரைந்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அந்தச் சின்ன ரயில் இல்லை.

ரயிலில் அந்தப் பெண்ணிடம் மூன்று துண்டு கொடுத்தனுப்பினேன். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள்: தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பின்னால் மழை. ஓட்டுக்கூரையின் விளிம்பில் ஒரு கோடு அளவுக்கு வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறாள், அதுதான் வழியும் நீர். நான் அதைச் சொல்லித் தரவில்லை.

என் டப்பாவில் இன்னும் ஒன்பது துண்டு மிச்சம் இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, புனலூர் பக்கம் இருந்து, கை வரவில்லை என்று தூரிகையை மூடி வைத்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், ஆளுக்கு ஒன்று தருகிறேன்.