முட்டி எம்போலைசேஷன் பண்ணா ஜவ்வு திரும்ப வளராதுங்க

"எம்போலைசேஷன் பண்ணா தேஞ்ச ஜவ்வு திரும்ப வளந்துரும், முட்டி மாத்துற ஆபரேஷனே வேணாம்"னு உங்க பதிவுல போட்டிருக்கீங்க, அது தப்புங்க. ஜவ்வெல்லாம் வளராது. தேய்மானத்தால முட்டி உள்சவ்வுல வீக்கம் வந்து புதுசா பொடிப்பொடி ரத்தக்குழாய் முளைக்கும், அதுகூடவே வலி நரம்பும் சேந்து வளரும், எம்போலைசேஷன்ல தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியா மெல்லிசான ட்யூப விட்டு குட்டிக்குட்டி துகள் அனுப்பி அந்தக் குழாய்ங்கள மட்டும் அடைக்கிறாங்க, அவ்ளோதான். ஜப்பான் டாக்டர் யூஜி ஒகுனோ ஆரம்பிச்சு வச்சது. மரத்துப்போற ஊசிதான், பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம், அதெல்லாம் நிஜம்.

ஆனா நெதர்லாந்துல 58 பேர வச்சு பாதி பேருக்கு நிஜமாவும் மீதி பேருக்கு பண்ற மாதிரி நடிச்சும் பாத்தாங்க, 4 மாசம் கழிச்சு ரெண்டு குரூப்லயும் வலி கொறஞ்சிருந்துச்சு, பெருசா வித்தியாசமே இல்ல. பலன் காட்டுன சின்ன ஆய்வுகளும் இருக்கு, அதனால சுத்த ஏமாத்துன்னும் சொல்ல மாட்டேன். எலும்போட எலும்பு உரசுற அளவுக்குத் தேஞ்சவங்களுக்கு பலன் கம்மிதான். நடக்கவே முடியாத அம்மா அப்பாவ வச்சிருக்கவங்க இத நம்பி ஆபரேஷன தள்ளிப்போட்டுருவாங்களோன்னுதான் பயமா இருக்கு, தயவுசெஞ்சு அந்த வரிய மாத்திருங்க.