தொகுதி போனால் தலைமையும் போய்விடுமா?
2025 ஏப்ரல் பொதுத்தேர்தலில் தன் சொந்தத் தொகுதியான கார்ல்டனில் தோற்ற கனடிய கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் பியர் பொலியேவுக்குக் கட்சியில் இனி எதிர்காலமே இல்லை என்று ஒரு கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். இருபது ஆண்டுகளாகக் கையில் இருந்த தொகுதி பறிபோனது அவமானம்தான். ஆனால் 1925இல் பிரதமர் மெக்கன்சி கிங்கும் சொந்தத் தொகுதியில் மண்ணைக் கவ்வியவர்தானே? மறு ஆண்டே சஸ்காட்சுவானில் வேறு தொகுதி பிடித்தார். 1948இல் பிரதமராகவே ஓய்வு பெற்றார். பொலியேவும் 2025 ஆகஸ்டிலேயே ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடந்த இடைத்தேர்தலில் வென்றுவிட்டார். 200க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டதால் அங்கே வேட்பாளர் பட்டியலே அச்சிடாத வெற்றுச் சீட்டு. பெயரைக் கையால் எழுத வேண்டும். அந்த வாயில் நுழையாத பெயரை மெனக்கெட்டு எழுதியவர்கள் சுமார் 80 விழுக்காடு! அதற்காக, அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டம் போட்ட ஒரு நண்பர் எழுதியிருப்பதுபோல் அவரை அடுத்த பிரதமராக்கிவிடுவதும் அவசரம். ஆல்பர்ட்டா கிராமப்புறம் கன்சர்வேட்டிவ்களின் கோட்டை, அங்கே வெல்வதில் என்ன வியப்பு? அவருக்குச் சிக்கல் கட்சிக்குள்தான். அவருக்கு முன் கட்சித் தலைவர்களாக இருந்த ஆண்ட்ரூ ஷீயர், எரின் ஓடூல் இருவருக்குமே ஒரு தேர்தல் தோல்விக்குமேல் தவணை கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒன்டாரியோ மாகாணத்தில் கன்சர்வேட்டிவ் முதல்வரான டக் போர்டே அந்த ஏப்ரல் தேர்தலில் இவருக்காகப் பிரசாரம் செய்யாமல் ஒதுங்கி நின்றார். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.