மின்மினி வெளிச்சத்தில் டிபி கிருமி

என் அத்தைக்கு டிபி என்று தெரிந்து, மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது மாதம்தான் அந்தத் தாள் வந்தது. டிபிக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் அவருடைய கிருமியிடம் எடுபடவில்லை என்று அதில் போட்டிருந்தது. அதுவரை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியிருந்தார். தட்டு தனி, டம்ளர் தனி, பேரனைத் தூக்கக்கூட விடவில்லை. இத்தனையும் பொறுத்துக்கொண்டவரிடம் அந்தத் தாளைப் படித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

டிபி கிருமி ஒன்று இரண்டாகவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். முட்டையை அடித்துக் கலந்து, பச்சை நிறத்தில் சாய்வாக உறைய வைத்த கண்ணாடிக் குழாயில் சளியை ஊற்றி வைத்தால், முளைத்து வர ஆறு வாரம், எட்டு வாரம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னும் சில வாரம்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க ஒரு வழியை நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் வில்லியம் ஜேக்கப்ஸ் குழு 1993லேயே காட்டிவிட்டது. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. ஃபேஜ் என்பார்கள். நம் உடம்பின் செல்களை அவை தொடாது. டிபி கிருமியைத் தாக்கும் ஒரு ஃபேஜுக்குள் மின்மினிப் பூச்சியின் மரபணுவைப் பொருத்தினார்கள். ஃபேஜ் உள்ளே நுழைந்ததும் மின்மினியின் நொதியைக் கிருமியே தயாரிக்கத் தொடங்கிவிடும். மேலே லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்கு எரிபொருள் கிருமியிடம் இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு. செத்த கிருமியிடம் அது இருக்காது. அதனால் மருந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வெளிச்சம் அணைந்தால் மருந்து வேலை செய்கிறது, அணையாவிட்டால் செய்யவில்லை. வளர்ந்த கிருமி கையில் இருந்தால் இரண்டொரு நாளில் விடை கிடைத்துவிடும். பிற்பாடு அவர்கள் இந்த வெளிச்சத்தைப் பிடிக்க போலராய்டு ஃபிலிம் வைத்த ஒரு சின்னப் பெட்டியே செய்தார்கள். பிராங்க்ஸ் பாக்ஸ் என்று பேர்.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. ஃபேஜ் ஆய்வுகளில் சே8, சே9, சே12 என்று பெயர்கள் வரும். அந்த ‘சே’ சென்னை! இங்கே கிடைத்த ஃபேஜ்கள் அவை. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் சே12ஐ வைத்தும் மின்மினி ஃபேஜ் செய்து, 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். உறங்கிக்கிடக்கும் கிருமியையும் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் தேடியது. இதைப் படித்த அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அத்தைக்கு இது கிடைக்கவில்லையே என்று வயிறும் எரிந்தது.

அதுதான் சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் வந்துவிட்டதே என்பீர்கள். சரி, இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் பரவலாக இருக்கும் அந்தச் சோதனை, டிபி மருந்துகளில் எடுபடுமா என்று பார்ப்பது ரிஃபாம்பிசின் ஒன்றைத்தான். அத்தைக்கு எடுபடாதது ஐசோனியாசிட். அதையும் பார்க்கும் கார்ட்ரிட்ஜ், அதாவது கருவியில் சொருகும் சோதனைக் குப்பி, பிறகுதான் வந்தது. மரபணுச் சோதனைகள் பெரும்பாலும் ஏற்கனவே தெரிந்த மாற்றங்களைத்தான் தேடும். பெடாகுவிலின் மாதிரி புது மருந்துகளுக்கு இன்றும் பெரும்பாலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரைத்தான் நம்பியிருக்கிறோம். ஃபேஜுக்கு எந்த மரபணு மாறியது என்று தெரிய வேண்டியதில்லை. மருந்தை ஊற்றிய பிறகும் கிருமி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எனக்கு வேண்டிய பதில் அதுதான்.

குறைகள் உண்டு. வெளிச்சம் மங்கல். சளியிலிருந்து நேரடியாகப் பார்க்கிற அளவுக்கு உயிருள்ள கிருமிகள் பல நேரம் இருப்பதில்லை. இதெல்லாம் பணமும் ஆளும் போட்டால் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் என்றே நம்புகிறேன். கொரோனாவுக்குப் பிறகு ‘வைரஸ்’ என்றாலே மிரள்கிறோம், அந்தப் பயத்தில் இதை ஒதுக்கிவிடக் கூடாது. சேத்துப்பட்டில் தொடங்கிய வேலைக்கு அரசு மறுபடி காசு ஒதுக்க வேண்டும். மாவட்ட ஆய்வகம் வரை அது வர வேண்டும்.

மருந்தை மாற்றிக் கொடுத்ததும் அத்தை தேறிவிட்டார். வலது நுரையீரலின் மேல்பகுதி மட்டும் சுருங்கிப்போய்விட்டது. மாடிப்படியில் பாதி ஏறியதும் இப்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.