வினாடிக்கு 1,700 குடம்

வியாழக்கிழமை எங்கள் பள்ளியில் என்னதான் நடந்தது என்று உட்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எந்த வகுப்பில் என்ன நடத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் என் பாடக்குறிப்பேட்டின் அன்றைய பக்கத்தை யாரோ படமெடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்ட பிறகு நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்வார்கள். "பாடக்குறிப்பின்படி வகுப்பு நடைபெறவில்லை. ஆசிரியர் திட்டமிடலில் கவனம் செலுத்த வேண்டும்." அன்று வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி சிவப்பு மையில் எழுதிய இந்த இரண்டு வரிகளில் முதல் வரியை நான் மறுக்கவில்லை. இரண்டாவது வரியை எத்தனை முறை படித்தாலும் ஏற்க முடியவில்லை.

அன்றைய குறிப்பில் எட்டாம் வகுப்புக்கு விகிதமுறு எண்களை எண்கோட்டில் குறித்தல் என்று எழுதியிருந்தேன். முந்தைய நாள்தான் முதல் போகத்துக்காக வைகை அணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கான தண்ணீர் அது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீடுகள் அந்தப் பாசனத்தில்தான் இருக்கின்றன. வினாடிக்கு 900 கன அடி என்று செய்தித்தாளில் போட்டிருந்ததை ஒருவன் கிழித்துக்கொண்டு வந்து, "டீச்சர், இது எத்தனை குடம்?" என்றான். எண்கோட்டை வரைந்து முடித்திருந்த நான், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்தேன். பிறகு அழித்தேன்.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 900 கன அடிக்கு 25,470 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், வினாடிக்குக் கிட்டத்தட்ட 1,700 குடம். வகுப்பே ஒரு கணம் அடங்கிவிட்டது. "அப்புறம் ஏன் டீச்சர் எங்க தெருக் குழாய்ல மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது?" என்று ஒரு பெண் கேட்டாள். எதிர்பார்க்கப்படும் விடை என்ற கட்டத்தில் எழுதி வைக்க முடியாத கேள்வி அது. அடுத்து, செய்தியில் வருகிற டி.எம்.சி. என்றால் என்ன என்று கேட்டார்கள். நூறு கோடி கன அடி, அதாவது பத்தின் அடுக்கு ஒன்பது. இந்தத் தண்ணீர் எத்தனை நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள், ஆகவே நாளொன்றுக்கு 7,77,60,000 கன அடி என்பது வரை கரும்பலகையில் வந்துவிட்டது. வகுத்தல் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில்தான் பார்வையிட வந்தவர் உள்ளே நுழைந்தார்.

என்ன பாடம் என்று அவர் பிள்ளைகளைக் கேட்கவில்லை. குறிப்பேட்டைக் கேட்டார். அதைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு முன்னால் என்னிடம், "சம்பளம் வாங்குவது கதை பேசுவதற்கா?" என்றார்.

நான் திட்டமிடலுக்கு எதிரி என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஜூனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நாற்பது நிமிடப் பாடவேளைக்கு எழுதியிருந்ததைப் பதினெட்டு நிமிடத்தில் நடத்தி முடித்துவிட்டு, மிச்சமிருந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், நோட்டைத் திருத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். குறிப்பு எழுதாமல் வகுப்புக்குப் போகும் துணிச்சல் இன்றுவரை எனக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து என் கையால் எழுதுகிறேன். சனிக்கிழமையே குழுக்களில் வந்து விழும் பி.டி.எஃப். குறிப்பைப் பார்த்து எழுதி, திங்கட்கிழமை காலை கையொப்பம் வாங்கிவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது என் படத்தைச் சுற்றவிட்டவர்களுக்கும் தெரியும். அந்தக் குறிப்பேடுகளில் சிவப்பு மை படுவதில்லை. அவை அழகாக இருக்கும்.

பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்காக மதுரையில் ஒரு பள்ளிக்குப் போனோம். 1841-இல் மறைந்த ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பாடம் நடத்துவதற்கு வகுத்த ஐந்து படிகளின்படி பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் ஆசிரியர் செயல், பக்கத்துக் கட்டத்தில் மாணவர் செயல். "மாணவர்கள் ஆர்வத்துடன் கவனிக்கின்றனர்" என்று முந்தைய நாள் இரவே விடுதி அறையில் எழுதிவிடுவோம். மறுநாள் ஒரு பிள்ளை ஆர்வமில்லாமல் தூங்கினால் குறை பிள்ளையினுடையது. இப்போதைய படிவத்திலும் படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், தொடர்பணி என்று வரிசை இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் தவறே செய்திருக்க மாட்டார்கள், குறைதீர்ப்பதற்கு மட்டும் தேதி குறித்தாகிவிட்டது!

ஆளாளுக்கு இப்படிக் கிளம்பினால் பாடத்தை யார் முடிப்பது என்று கேட்கிறீர்கள். இது நியாயமான கேள்வி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்தில் முடிப்பதை ஆசிரியரின் கடமையாகவே சொல்கிறது. அதே சட்டம், செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே குழந்தை கற்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்கச் சொல்கிறது. கால்வாய் எங்கள் பள்ளிக்கு வெளியே நடக்கும் தொலைவில்தான் ஓடுகிறது. அன்று நான் நடத்தியதும் பாடத்துக்கு வெளியே இல்லை, அடுக்குகளும் அறிவியல் குறியீடும் அதே முதல் இயலில்தான் வருகின்றன. மூன்று வாரம் கழித்து வரவேண்டியது முன்னால் வந்தது, அவ்வளவே. எண்கோட்டை வெள்ளிக்கிழமை நடத்தினேன். ஒரு நாள் தள்ளிப்போனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அதிகாரி தன் கடமையைச் செய்தார்" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குறிப்பேட்டையும் கரும்பலகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கடமை என்றால், அதை அவர் சிறப்பாகவே செய்தார்.

"புதியவள், கொஞ்சம் அடக்கம் வேண்டும்" என்று எழுதிய மூத்த ஆசிரியர் அண்ணனுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். புதியவள் என்பதால்தான் எனக்குக் குறிப்பு வேண்டியிருக்கிறது. அதை எப்போது மூடி வைக்கலாம் என்பதையும் நான் வகுப்பில் நின்றுதானே அண்ணா கற்றுக்கொள்ள முடியும்? முதல் முறை மூடி வைத்த அன்றே வாங்கிக் கட்டிக்கொண்டால், அடுத்த முப்பது வருடமும் நான் அதைத் திறந்தே வைத்திருப்பேன். உங்கள் பள்ளியில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களெல்லாம் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர்கள் இல்லை.

என்னைத் திட்டியதுகூட ஆறிவிடும். வெள்ளிக்கிழமை எண்கோட்டை நடத்திக்கொண்டிருந்தபோது யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதான் ஆறவில்லை. நான் எழுதி வைத்திருந்தபடியே, கவனித்தார்கள். இடையில் நானாகவே, "சந்தேகம் இருக்கா?" என்றேன். செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தவன், "வேண்டாம் டீச்சர், நோட்டுல இருக்குறதையே நடத்துங்க, உங்களத் திட்டுவாங்க" என்றான்.

மணி அடித்து எல்லோரும் வெளியே போன பிறகு அவன் மட்டும் திரும்பி வந்தான். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, நாலாக மடித்த தாளொன்றை என் மேசையில் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் செருகிவிட்டு ஓடினான். நூறு கோடியை 7,77,60,000 ஆல் வகுத்திருந்தான். இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருந்தது. விடை 12.86 நாள்.